கங்கா ஜமுனா சட்டை

பட்டு, நீ போன சேதி வந்தபோது என் பல்லில் நூல் இருந்தது.

காலை பத்து மணி இருக்கும். ஒரு கல்யாணப் புடவையின் முந்தானையைத் தொடை மேல் பரப்பிக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிரி கையில், ஒரு பிரி பல்லில். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து உன் அண்ணன். "உமா" என்றார். கல்யாணமான முப்பத்து நாலு வருஷத்தில் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது ரொம்பக் குறைவு. "இந்தா", "உள்ள யாரு", இல்லாவிட்டால் ஒரு செருமல். பேரைச் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயில் நூல் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் முறுக்கு பிரிந்துவிடும் என்று கை தன் பழக்கத்தில் போட்டது. அந்தக் கை மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

இதை எழுதச் சொன்னது நீங்கள், பட்டுவின் பாட்டுச் சிநேகிதர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறீர்கள். மார்கழியில் நீங்கள் கூடும்போது அவனைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடப்போவதாகச் சொன்னீர்கள். "அண்ணிதான் எழுதணும்" என்றீர்கள். நான் ஏழாவது வரைக்கும் படித்தவள். எழுத்துப் பிழைகளை என் மகள் தேன்மொழி திருத்தியிருக்கிறாள். மற்றதை அப்படியே விடச் சொல்லிவிட்டேன். எனக்கு அலுப்பாக இருக்கிறது. அலுப்போடுதான் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அவனை ஏகா என்று கூப்பிட்டீர்கள். ரேஷன் கார்டில் ஏகாம்பரம். வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் என் மாமியார் பட்டு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு ஒருத்தனுக்கு இப்படிப் பேர் வைக்கக் கூடாது. தெருமுனையில் நின்று "பட்டு!" என்று நான் கத்தினால், வெளியூர்க்காரர்களைப் பட்டுக் கடைக்கு அழைத்துப் போகிற ஆட்கள் நாலு பேர் ஓடி வருவார்கள். "எங்கம்மா பார்ட்டி? எத்தினி பேரு?" என்பார்கள். அவன் ஒருத்தன் மட்டும் திரும்ப மாட்டான். காதில் பாட்டுக் கேட்கிற ஒயர் இருக்கும்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருஷம் அவனுக்குப் பதினெட்டு வயது. அண்ணனோடு உட்கார்ந்து கோர்வைப் புடவை நெய்துகொண்டிருந்தான். ஒரு தடவை புடவை கொடுக்கச் சென்னைக்குப் போனவன், பர்மா பஜாரிலிருந்து ஒரு பாட்டுக் கேசட் வாங்கி வந்தான். என் மாமியார் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அட்டையில் ஐந்து பேர். பரட்டையாகத் தூக்கிவிட்ட முடி, உதட்டில் சாயம், கண்ணில் மை, காதில் தொங்கட்டான்.

"யாருடா இந்தப் பொண்ணுங்க? அஞ்சும் தலைய விரிச்சிப் போட்டுக்கினு நிக்குதுங்க. பெத்தவ வாரி உட மாட்டாளா?"

"தெரியலமா. இங்கிலீசு பாடுற பொம்பளைங்கன்னு சொல்லித்தான் குடுத்தான்."

போட்டான். முதலில் யாரோ தகர டிரம்மைப் போட்டு உடைக்கிற மாதிரி சத்தம். பிறகு ஒரு குரல் கத்திக்கொண்டு வந்தது. மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். "இன்னாடா இது, பெரிய பொண்ணுக்குத் தொண்ட கட்டிக்கினு கீதா? சுக்கு போட்டுக் குடுக்கச் சொல்லு."

பட்டு எழுந்து போய், புடவையில் இழை எண்ணுகிற சின்னக் கண்ணாடியை எடுத்து வந்தான். அதை அட்டை மேல் வைத்து ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தான். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பார்த்து முடித்து நிமிர்ந்தான்.

"அம்மா, அஞ்சுக்கும் குரல்வளை துருத்திக்கினு இருக்குதுமா. அஞ்சும் ஆம்பளைங்கமா!"

என் வீட்டுக்காரர் தறிக் குழியிலேயே சாய்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து, ஊடை இழை ஓட்டுகிற நாடாவைக் கீழே போட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த இசைக்குப் பெயர் "பொம்பளைங்க பாட்டு". நீங்கள் கிளாம் மெட்டல் என்று சொல்வது அதுதான். ஏமாந்து வாங்கி வந்த கேசட்டை அடுத்த முறை திருப்பிக் கொடுத்துவிடுவான் என்று நினைத்தோம். அடுத்த முறை இன்னும் மூன்று வாங்கி வந்தான்.

ஏன் இதைப் போய்க் கேட்கிறாய் என்று நான் ஒரு நாள் கேட்டேன். எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு இரண்டு தறி. எல்லாம் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் காதில் விழாது. அவன் சொன்ன பதில் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"மெல்லிசான பாட்டெல்லாம் தறிச் சத்தத்துக்குக் கீழ போய்டுது அண்ணி. தறிக்கு மேல வந்து கேக்குறது இது ஒண்ணுதான்."

இதை நீங்கள் வேறு விதமாக, படித்தவர்கள் பேச்சில் சொல்வீர்கள். எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். அவனுக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. அவன் வேலை செய்யும் இடத்தில் அந்த ஒரு பாட்டுக்குத்தான் பலம் இருந்தது.

அந்த இசையின் பெயரை எனக்கு விளக்கிய நாளும் ஞாபகம் இருக்கிறது. நான் குஞ்சம் கட்டப் பழகிக்கொண்டிருந்தேன். புடவை தறியிலிருந்து இறங்கும்போது முந்தானை ஓரத்தில் கொஞ்சம் பாவு இழையை நெய்யாமல் விட்டிருப்பார்கள். அந்த இழைகளைப் பிரித்து, முறுக்கி, முடிந்து, குஞ்சமாக்க வேண்டும். இன்றைக்கும் அதுதான் என் வேலை.

"இதுக்குப் பேரு கிளாம் மெட்டலு அண்ணி" என்றான்.

"மெட்டல்னா இன்னா?"

"உலோகம். இரும்பு, வெள்ளி அந்த மாதிரி."

"கிளாம்னா?"

யோசித்தான். "மினுக்கு."

"மினுக்குற உலோகமா? அப்ப ஜரிகைன்னு சொல்லேன்பா. அதுக்கு இன்னாத்துக்கு இங்கிலீசு?"

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்டு நூல் மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் போட்டால் ஜரிகை. அதைத் தவிர மினுக்குகிற உலோகம் என்று எனக்கு வேறு எதைத் தெரியும்? அவன் என்னையே பார்த்தான். தறியை நிறுத்திவிட்டான். "அமெரிக்காக்காரன் ஒருத்தனும் இத்தச் சொல்லல அண்ணி" என்றான். பிறகு யாரிடம் பேசினாலும் இதைச் சொல்லியிருக்கிறான். உங்களிடமும் சொல்லியிருப்பான். என்னிடமிருந்து எடுத்தது என்று சொன்னானா தெரியாது.

அதிலிருந்து அவனுக்கு எல்லாவற்றையும் புடவையாகவே சொல்ல வந்துவிட்டது. "பாட்டும் புடவை மாதிரிதான் அண்ணி. கனமாவும் இருக்கணும், மினுக்கவும் செய்யணும். கனம் இல்லாம மினுக்குனா அது காகிதப் பூ. மினுக்காம கனமா மட்டும் இருந்தா அது அரிசி மூட்டை."

அந்தப் பாட்டு பிறந்த கதையையும் அவன் சொல்லித்தான் நான் அறிவேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு பெரிய ஊர். வேலை வெட்டி இல்லாத பையன்கள். அக்கா தங்கையின் மையையும் உதட்டுச் சாயத்தையும் எடுத்துப் பூசிக்கொண்டு, புலித்தோல் மாதிரி போட்ட இறுக்கமான கால்சட்டையோடு சாராயக் கடை மேடைகளில் ஏறினார்களாம். அதற்கு முன்னால் இங்கிலாந்தில் சிலர் மினுக்குச் சட்டை போட்டுப் பாடினார்கள். வேறு சிலர் கறுப்புச் சட்டையில் கனமாக வாசித்தார்கள். இந்தப் பையன்கள் இரண்டையும் சேர்த்துக் கோர்வை போட்டார்கள் என்பான். கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் பிரியாமல் பிணைப்பது. டிவியில் பாட்டுப் போட ஆரம்பித்ததும் அவர்கள் காட்டில் மழை. பார்க்கவும் ஆள், கேட்கவும் ஆள். ஏழெட்டு வருஷம் ஆட்டம் போட்டார்கள். பிறகு ஒரே வருஷத்துக்குள் எல்லாம் மாறிவிட்டது. கசங்கின கட்டம் போட்ட சட்டையும் தலை குனிந்த முகமுமாக வேறு பையன்கள் வந்தார்கள். இவர்களைப் பார்த்து ஊரே சிரித்தது.

"நான் அந்த கேசட்ட வாங்கும்போதே அங்க எல்லாம் முடிஞ்சி போச்சி அண்ணி. அது எனக்கு அப்புறமாத்தான் தெரியும். முடிஞ்சி போனதுதான் பர்மா பஜாருக்கு வரும்."

"முடிஞ்சி போனத இன்னும் இன்னாத்துக்குக் கேட்டுக்கினு கீற?"

"சோகம்னா அழுக்குச் சட்டை போட்டுக்கினுதான் பாடணுமா? பளபளன்னு போட்டுக்கினு அழக் கூடாதா? தென்னேரில கூத்து கட்டுவாங்களே, ராஜா வேஷக்காரன் தோள்ல கண்ணாடி வெச்சிக்கினு, மூஞ்சி முழுக்க அரிதாரம் பூசிக்கினு, நாட்ட இழந்துட்டு நிப்பான். அவனப் பாத்து நீங்க அழலியா?"

அழுதிருக்கிறேன்.

முடி வளர்த்த கதை உங்களில் பலருக்குத் தெரியாது. அவனுக்கு இருபத்தேழு வயதில் முடி தோளைத் தாண்டிவிட்டது. சுருட்டை. மாமியார் எண்ணெய் வைத்து விடுவார், அவன் சீயக்காய் போட்டு அலசி விடுவான். இதுவே இருவருக்கும் சண்டை. வாலாஜாபாத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம். பெண்ணின் போட்டோவை அவன் இரண்டு தடவை வாங்கிப் பார்த்ததை நான் கவனித்திருந்தேன். எல்லாம் பேசி, காபி குடித்து, பெண்ணின் அப்பா மரியாதையாகத்தான் கேட்டார்.

"தம்பி முடி எந்தக் கோயிலுக்கு?"

எங்கள் பக்கம் ஓர் ஆண் முடி வளர்த்தால் அது வேண்டுதல். வேறு காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. மாமியார் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. "திருத்தணிக்குங்க" என்றார். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி. பக்தியுள்ள பிள்ளை என்று தலையாட்டினார்கள். "அப்ப முடி குடுத்துட்டு வந்ததும் தட்டு மாத்திக்கலாம்" என்றார் பெண்ணின் அப்பா.

அவன் சும்மா இருந்திருக்கலாம். ஒரு மொட்டை. ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும். நான் கதவோரம் நின்று கண்ணைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"வேண்டுதல்லாம் இல்லீங்க" என்றான். "எனக்குப் புடிச்சிருக்குது. அதான்."

அவ்வளவுதான். அவர்கள் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் இரண்டு இடம் வந்தது. அதே கேள்வி, அதே பதில். பிறகு யாரும் வரவில்லை. "ஒரு பொய் சொல்லக் கூடாதாப்பா?" என்று கேட்டேன். "சாமி பேரச் சொல்லி வளத்தா அது சாமி முடி ஆய்டும் அண்ணி. அப்புறம் என்னோடது இல்ல" என்றான். அந்தப் பெண்ணின் போட்டோ திருப்பிக் கொடுக்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

என் அம்மா செவிலிமேட்டில் தம்பி வீட்டில் இறந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். காரியம் முடிந்து திரும்பி வந்த மறுநாளே வேலைக்கு உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லை. நெசவு வீட்டுப் பெண்களுக்கு ஒன்று தெரியும். தறி ஓடும்போது அழுதால் யார் காதிலும் விழாது. அதனால் தறி ஓடுகிற நேரமாகப் பார்த்து அழுதேன். அவன் காதில் ஒயரோடு தறியில் இருந்தான். கேட்டிருக்க முடியாது. எப்படித் தெரிந்ததோ, இறங்கி வந்து அந்த ஒயரை என் காதில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தக் கத்தல்காரர்கள் ஒவ்வொரு கேசட்டிலும் ஓர் அழுகைப் பாட்டு வைப்பார்கள். மெதுவாகத் தொடங்கும். ஒற்றைக் கிதார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அந்த ஆள் மொத்த வீதிக்கும் கேட்கிற மாதிரி அழுவான். ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஆனால் நான் மறைத்து மறைத்து அழுததை யாரோ வெளிப்படையாக, நகை நட்டெல்லாம் போட்டுக்கொண்டு, என் பேரில் அழுத மாதிரி இருந்தது. பாட்டு முடிந்ததும் முந்தானையைப் பார்த்தேன். இரண்டு குஞ்சம் தப்பாகக் கட்டியிருந்தேன். பிரித்துக் கட்டினேன்.

அதன் பிறகு நானும் அந்தப் பாட்டைக் கேட்பேன். வீட்டுக்காரருக்குத் தெரியாமல்.

கேசட் போய், சி.டி. போய், போன் வந்தது. அவன் உங்களைக் கண்டுபிடித்தது அப்போதுதான். தேன்மொழி கல்லூரிக்குப் போகும் காலத்தில் அவளும் அவள் தோழிகளும் இதையே கேட்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். "சித்தப்பா பாட்டு செம வைப்மா" என்பாள். அந்தப் பாடகர்கள் இப்போது அறுபது தாண்டிய கிழவர்களாம். தொப்பை. சிலருக்கு டோப்பா முடி. ஆனாலும் மேடை ஏறுகிறார்கள், ஆட்கள் வருகிறார்களாம். போனில் ஒரு வீடியோ காட்டினான். குரல் மேலே போக வேண்டிய இடத்தில் போகவில்லை. அந்த ஆள் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார். அத்தனை பேரும் அந்த இடத்தைப் பாடிக் கொடுத்தார்கள்.

"பாத்தீங்களா அண்ணி" என்றான். "அவருக்கு ஏறாதது இவங்களுக்கு ஏறுது. சிரிச்சவங்க எல்லாம் எங்க போனாங்கன்னே தெரியல. இவங்க இன்னும் நின்னுக்கினு கீறாங்க."

போன தையில் வயிற்றில் கட்டி என்றார்கள். மருந்து ஏற்றினார்கள். இரண்டாவது தடவை ஏற்றி வந்த பத்தாம் நாள், தலையணையில் முடி. இருபத்தைந்து வருஷத்து முடி ஒரு வாரத்தில் போயிற்று. நான் அதை வாரி ஒரு பையில் போட்டேன். எறிய மனம் வரவில்லை. அவன் அதைப் பார்த்துவிட்டு, "அதுக்கும் குஞ்சம் கட்டிடப் போறீங்க அண்ணி" என்றான்.

நோய் என்று நாங்கள் தெருவில் சொல்லவில்லை. ஒரு நாள் காலை வாசலில் உட்கார்ந்திருந்தான். எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்கா தண்ணீர்க் குடத்தோடு நின்றார். அவன் தலையைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"குடுத்துட்டியா பட்டு? அப்பாடா! உங்கம்மா இருந்து பாக்கலியே. எந்தக் கோயில்ல?"

நான் உள்ளேயிருந்து ஓடி வருவதற்குள் அவன் பதில் சொல்லிவிட்டான்.

"ஆமாக்கா. குடுத்துட்டேன்."

"வேண்டுனது நடக்கும்டா, பாத்துக்கினே இரு."

வாலாஜாபாத்காரர்களிடம் சொல்லாத பொய்யை அன்றைக்குச் சொன்னான். உள்ளே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த வாரம்தான் சட்டையைக் கொண்டு வந்தான். கறுப்பு முழுக்கைச் சட்டை. மார்கழியில் சென்னை முழுக்கக் கச்சேரி கேட்கும்போது நீங்கள் மட்டும் ஓர் இடம் பிடித்து இந்தப் பாட்டைப் பாடுவீர்களே, அந்த மேடைக்கு. பத்து வருஷமாக அவன் கீழே உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறான். இந்த வருஷம் மேடை ஏறி அந்த அழுகைப் பாட்டைப் பாடுகிறேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு அது அப்போது தெரியாது. அந்தப் பாடகர்கள் கைநெடுகத் தோல்வாரைத் தொங்கவிட்டிருப்பார்கள். கையை வீசினால் சிறகு மாதிரி விரியும். அவனுக்கு அதே மாதிரி வேண்டும், ஆனால் பட்டிலும் ஜரிகையிலும்.

"உங்க கைவேல அண்ணி. தோள்லருந்து மணிக்கட்டு வரைக்கும் குஞ்சம்."

"டோப்பா வெச்சிக்குவியா?"

"வேணாம். மொட்டையாவே போறேன். சட்டை இருக்குதுல்ல."

வலது கைக்கு அரக்கு நிறம் கேட்டான். "இடது கைக்கு வேற கலரு. கங்கா ஜமுனா அண்ணி" என்றான். ஒரு புடவைக்கு இரண்டு பக்கக் கரையும் இரண்டு நிறமாக வந்தால் அதைக் கங்கா ஜமுனா என்போம். "இன்னா கலரு?" என்றேன். "யோசிச்சிச் சொல்றேன். தப்பா வெச்சா கோமாளி ஆய்டுவேன்."

வலது கைக்குப் பதினொரு குஞ்சம். மீந்த பாவு இழைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஜரிகை சுற்றி, ஆனியில் முடித்துவிட்டேன். அவன் போட்டுப் பார்த்தான். எலும்பாகிவிட்ட கையை வீசினான். பதினொன்றும் விரிந்து விழுந்தன. என் வீட்டுக்காரர் தறியிலிருந்து எட்டிப் பார்த்து, "தேர்ல கட்டி உடலாம்டா உன்ன" என்றார். அவனுக்கு அது பெரிய பாராட்டு. நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆடி கடைசியில் அவனை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆவணி பிறந்தது. ஆவணி முகூர்த்தம் எங்களுக்கு மூச்சு விட நேரம் தராது. ஒரு நாளைக்கு நாலு முந்தானை. கண் எரியும், விரல் நுனி மரத்துப்போகும். ஒரு மத்தியானம் போன் செய்தான். குரல் நன்றாக இருந்தது.

"அண்ணி, இடது கைக்கு முடிவு பண்ணிட்டேன்."

வாசலில் கடை ஆள் நின்றுகொண்டிருந்தார். "இன்னும் ஆவலியாமா? பொண்ணு வீட்ல வந்து குந்திக்கினு கீறாங்கமா" என்று அவசரப்படுத்தினார். கையில் முந்தானை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

"பட்டு, ஆள் வந்து நிக்குறாருப்பா. நீ வந்து சொல்லு. நூல எடுத்து வெக்கிறேன், நேர்ல பாத்து எடுத்துக் குடு."

"சரி அண்ணி. வந்து சொல்றேன்."

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவன் அண்ணன் போன் செய்தார்.

சட்டையை அவனோடு அனுப்பியிருக்கலாமே என்று உங்களில் ஒருவர் கேட்டார். எடுத்தேன். பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பங்காளிகள் ஒவ்வொருவராகக் கோடி வேட்டி போர்த்தினார்கள். ஒரு கை முடியாத சட்டையை எப்படிப் போர்த்துவது? திரும்ப வைத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் நீங்கள் ஒன்பது பேர் வந்தீர்கள். எல்லோரும் கறுப்புச் சட்டை, தாடி, நீண்ட முடி. கன்னியம்மா அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். "கார்த்திகைக்கு இன்னும் எம்மாம் நாள் கெடக்குது, அதுக்குள்ள மாலை போட்டுட்டீங்களா சாமி? வெறும் தரையில உக்காராதீங்க சாமி" என்று ஓடிப்போய்ப் பாய் கொண்டு வந்தார். நீங்கள் யாரும் மறுக்கவில்லை. பாயில் உட்கார்ந்தீர்கள். அவன் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்பான்.

அப்போது உங்களில் பெரியவர் கேட்டார். "அம்மா, அந்தச் சட்டையக் குடுப்பீங்களா? மார்கழில மேடை மேல ஒரு நாற்காலில போட்டு வெச்சி, அவர் பாடுறேன்னு சொன்ன பாட்ட எல்லாரும் சேர்ந்து பாடப் போறோம்."

அவன் பாடுவதாகச் சொன்னதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஒரு கைதான் ஆயிருக்குது" என்றேன்.

"அப்படியே குடுங்கம்மா. பரவால்ல."

நான் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் குறுக்கே பேசினார். அவர் முப்பது வருஷமாக அந்தப் பாட்டைத் திட்டியவர்.

"பாதி வேலையா எங்க வீட்லருந்து எதுவும் வெளிய போனதில்லீங்க. முடிச்சித்தான் குடுப்பா."

அதனால் சட்டை என்னிடம் இருக்கிறது. அவன் இழை எண்ணுகிற கண்ணாடி இருக்கிறது. முதல் கேசட் இருக்கிறது, போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. ஒரு பையில் முடி இருக்கிறது. அது சாமி முடி இல்லை, அவன் முடி. அவன் தறி சும்மா கிடக்கிறது. அவன் அண்ணன் தன் தறியில் தனியாக உட்கார்கிறார். போன வாரம் தேன்மொழியைக் கூப்பிட்டு, "அந்தப் பொம்பளைங்க பாட்டக் கொஞ்சம் போடுமா" என்றார். தறிக்கு மேலே கேட்டது.

ஐப்பசி பிறந்துவிட்டது. நூல் எல்லாவற்றையும் சட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். உன் அண்ணன் மாம்பழ மஞ்சள் என்கிறார். தேன்மொழி வாடாமல்லி என்கிறாள். உன் சிநேகிதர் ஒருவர் போன் செய்து வெள்ளி ஜரிகை மட்டும் போதும் என்றார். எல்லோருக்கும் ஒரு நிறம் தெரிகிறது. அன்றைக்கு நான் அரை நிமிஷம் கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். கை சும்மா இருக்கிறது, பல்லிலும் நூல் இல்லை, வாசலில் யாரும் நிற்கவில்லை. இப்போது சொல்லு. இடது கைக்கு என்ன கலர் சொல்ல வந்தாய், பட்டு?